தகவலாளர் ஏழு

வாங்க தம்பி, வாங்க. அந்த நாற்காலி வேண்டாமுங்க, ஒரு கால் ஆடும். மாத்திக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். இப்படிச் சன்னல் பக்கமா உக்காருங்க. ஒரு பதிப்பகத்துக்காரர் இந்த அறைக்குள்ள வர்றது இதுதான் முதல் தடவை. கேட்ல இருந்து வாட்ச்மேன் போன் பண்ணி, ஐயா உங்களைத் தேடிப் பெரிய கார்ல ஆள் வந்திருக்குதுன்னான். நீங்க போன்ல சொல்லியிருந்தும் நான் நம்பலை. இந்த மையத்துக்கு யாரு வரப்போறாங்க? ஜெராக்ஸ் எங்க எடுக்கறதுன்னு கேட்டுட்டுப் போறவங்கதான் இந்தக் கதவைத் தட்டுவாங்க.

வெளில போர்டு பாத்திருப்பீங்க. ஆய்வெழுத்து உதவி மையம். நான் தமிழ்த்துறையில ரிட்டையர் ஆன வருசம், துணைவேந்தர் கூப்பிட்டு விட்டாரு. அவினாசியப்பன், நம்ம பசங்க எழுதற பிஎச்.டி. ஆய்வேட்டைப் படிக்க முடியலை, வெளியூர்ப் பேராசிரியருங்க திருப்பி அனுப்பறாங்க, நீங்கதான் சரி பண்ணோணும்னாரு. செய்யறேங்கய்யா, ஆனா ஒரு அதிகாரம் வேணும்னேன். குடுத்தாரு. அன்னைலருந்து நான் கையெழுத்துப் போடாம ஒரு ஆய்வேடும் இந்தப் பல்கலைக்கழகத்துல உள்ள போக முடியாதுங்க. சமூகவியலாகட்டும், பொருளாதாரமாகட்டும், தமிழ்ல எழுதினா இங்க வந்துதான் ஆகோணும்.

நம்ம முறை ரொம்ப லேசுங்க. எழுதிட்டு வந்ததை எம் முன்னால உக்காந்து சத்தமா வாசிக்கோணும். ஒரு பத்தி முடிஞ்சும் அதுக்குள்ள மனுசங்க யாரும் வரலைன்னா மேசையை ஒரு தட்டுத் தட்டுவேன். ஆளு எங்க? அவ்வளவுதான் கேள்வி. 'தொழிலாளர்கள் பல்வேறு இன்னல்களுக்கு உள்ளாகின்றனர்' அப்படின்னு எழுதிட்டு வருவாங்க. எந்தத் தொழிலாளி? என்ன இன்னல்? மூஞ்சியக் காட்டு, கையக் காட்டு, எங்க நிக்கறாங்கன்னு சொல்லு. மேசையைத் தட்டித் தட்டி இந்த எடத்துல பாருங்க, மேல ஒட்டின மைக்காவே பேந்து போயிருச்சு.

பசங்க வெளில என்னை என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. கெழவன் உசுரை எடுக்கறான்னு பேசுவாங்க. பேசட்டும். எழுத்துன்னா அதுக்கு ஒரு உசுரு வேணுமில்லீங்களா.

நீங்க போன்ல பொன்மலரோட ஆய்வேடுன்னு சொன்னதும் நூலகத்துக்கு ஓடிப்போயி எடுத்துட்டு வந்துட்டேன். நூலகத்துல வெச்சு ஒரு வருசமாகப் போகுது, ஒருத்தன் எடுத்துப் பாத்ததில்லை. புத்தகமாப் போடோணும்னு நீங்க தேடி வந்திருக்கறீங்க. எடுத்துப் பாருங்க தம்பி, இதுதான். நாலாவது இயலுங்களா? மத்தவங்க உள்ளடக்கம் பாப்பாங்க, எத்தனை பக்கம், அட்டை எப்படின்னு கேப்பாங்க. நீங்க நேரா அங்க போயிட்டீங்க. ரசனைன்னா அது.

அந்த இயலு நாந்தானுங்க எழுத வெச்சேன். எழுதினது அந்தப் புள்ளைதான், இல்லைங்கலை. ஆனா எழுத வெச்சது நான்.

பொன்மலர் தருமபுரிப் பக்கம், அரூருக்கு உள்ள ஏதோ ஒரு ஊரு. சமூகவியல். மில்லு விடுதியில தங்கி வேலை செய்யற பொம்பளைப் புள்ளைங்களைப் பத்தி ஆய்வு. மொத நாள் வந்தப்பப் பையை மடியில இறுக்கிப் புடிச்சுட்டே உக்காந்திருந்துச்சு. வாசின்னேன். வாசிச்சுது. மூணு இயல் வரைக்கும் சுமாருங்க. நாலாவதுல ஒரு எடத்துல நிறுத்திட்டுத் தண்ணி குடிச்சுது. அப்புறம் ஒரே ஒரு வரி. 'தகவலாளர் ஏழு, பெண், இச்சம்பவத்தை நேரில் கண்டவர்.' நான் மேசையைத் தட்டினேன்.

என்ன சம்பவம்னு கேட்டேன். சொல்லத் தயங்குச்சு. மெதுவாத்தான் வெளில வந்துது. ஒரு மில்லுங்க. பேரு ஆய்வேட்டுல இல்லை, நானும் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் அது தேவையில்லை. செவ்வந்தின்னு ஒரு புள்ளை, பதினேழு வயசு. மிசின்ல முடி சிக்கி மண்டையில பெரிய காயம். அன்னைக்குன்னு பாத்து வெளிநாட்டுலருந்து துணி வாங்கறவங்க மில்லைச் சோதிக்க வந்திருக்கறாங்க. ஆம்புலன்ஸ் வந்தா அவங்க பாத்துருவாங்கன்னு புள்ளையத் தூக்கிட்டுப் போயிப் பஞ்சு குடோன்ல படுக்க வெச்சுக் கதவைச் சாத்திட்டாங்க. வந்தவங்க சாப்பாடெல்லாம் முடிச்சுட்டுக் கெளம்பறதுக்குள்ள புள்ளை போயிருச்சு. வெளில என்ன சொன்னாங்கன்னா, ரூம்ல தூக்குப் போட்டுக்கிச்சுன்னு சொன்னாங்க. கதவைச் சாத்தினவங்களுக்குத் தெரியாமக் குடோனுக்குள்ள நுழைஞ்சு, அந்தப் புள்ளை தலையை மடியில வெச்சுட்டு ஒரு பொம்பளை உக்காந்திருந்துச்சு. அதுதான் தகவலாளர் ஏழு.

நானும் பொண்ணைப் பெத்தவந்தான். இதைக் கேட்டு அழுதேன்னு கூடச் சொல்லலாம். அழுதுட்டு, கண்ணைத் தொடச்சுட்டு, பொன்மலர்கிட்டச் சொன்னேன், இவ்வளவு பெரிய விசயத்தைக் கையில வெச்சுட்டு ஒத்தை வரில எழுதறியே, உனக்கு மனசாட்சி இருக்குதான்னு.

அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா? "ஐயா, செவ்வந்தியோட அப்பா கேஸ் போட்டிருக்காரு. இவங்க ஒருத்தர்தான் சாட்சி. கோர்ட்ல நின்னு சொல்ற வரைக்கும் இவங்க யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா உசுரோட விட மாட்டாங்க."

நான் சொன்னேன், கோர்ட்டு வேற, எழுத்து வேற. பேரைப் போடாதே. பேரு எதுக்கு? மூஞ்சியப் போடு. பேரில்லாம ஒரு மனுசியக் கண்ணு முன்னால நிறுத்தலாம், அதுதான் எழுத்துன்னேன். அது தலையை ஆட்டிட்டே இருந்துச்சு, வேண்டாமுங்கய்யா, வேண்டாமுங்கய்யான்னுட்டு. நான் பேப்பரை மூடித் திருப்பிக் குடுத்துட்டேன். இப்படியே இருந்தாக் கையெழுத்து இல்லைன்னுட்டேன். ஆய்வேடு குடுக்கறதுக்குக் கெடு நெருங்கிட்டிருந்துச்சு. உதவித்தொகை நின்னுபோச்சு, விடுதியில அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாலு நாள் வரலை. அஞ்சாம் நாள் வந்து இந்த வாசப்படிகிட்ட நின்னுச்சு.

சரின்னேன், மொதல்ல அந்தம்மாவை நான் பாக்கோணும்னேன். கண்ணால பாக்காம எப்படிச் சொல்லிக் குடுக்கறது? பொன்மலர் கூட்டிட்டுப் போச்சு. மில்லை விட்டு வந்ததுக்கு அப்புறம் அந்தம்மா ரயில்வே கேட்டுகிட்ட டீக்கடை போட்டிருந்துச்சு. என்னைக் காலேஜ் வாத்தியாருன்னு மட்டும் பொன்மலர் சொல்லிவெச்சுது. வலது கையில ரெண்டு வெரல் இல்லீங்க, மிசின்ல போனது. மிச்சம் மூணு வெரல்ல டம்ளரைப் புடிச்சு ஆத்தறதைப் பாக்கோணுமே, சொட்டு சிந்தாது. தெக்கத்திப் பேச்சு. என்னை 'அண்ணாச்சி'ன்னு கூப்பிட்டுச்சு. காசு வாங்கலை.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுலயே சொல்லிட்டேன். அந்த வெரல், அந்த டீ ஆத்தறது, ரயில்வே கேட்டு, அந்தப் பேச்சு. அத்தனையும் வரோணும். பொன்மலர் சன்னலுக்கு வெளில பாத்துட்டே வந்துச்சு. ஆனா எழுதுச்சுங்க. நீங்க இப்பப் படிச்சுட்டிருக்கற பக்கந்தான். எப்படி இருக்குது? மடியில செவ்வந்தி தலை கெடக்குது, இவ கையில மிச்சமிருக்கற மூணு வெரலால ரத்தத்தை அழுத்திப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறா, வெளில மேளம் வாசிச்சு வெள்ளைக்காரனுக்கு மாலை போடறாங்க. எந்தத் தொழிலாளி, என்ன இன்னல்னு இனி ஒருத்தன் கேக்க முடியுமா?

காபி சொல்லட்டுங்களா? வேண்டாமா. உங்க டிரைவர் வண்டியை ஆப் பண்ணாம நிக்கறாரே, ஏசி ஓடிட்டே இருக்குது. அவரையாச்சும் நெழல்ல வந்து உக்காரச் சொல்லுங்க. சரி, உங்க விருப்பம்.

இப்ப என் வருத்தத்துக்கு வர்றேன். வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பொதுத் தேர்வுங்க. பேப்பர்ல விளம்பரம் குடுப்பாங்க, யாரு வேணும்னாலும் வந்து உக்காரலாம், யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகோணும். பொன்மலர் நல்லாத்தான் பேசுச்சு. வெளித்தேர்வாளர் பாலக்காட்டுக்காரர், நாலாவது இயலைப் பாராட்டினாரு. நான் முன்வரிசையில உக்காந்து நாந்தான் நாந்தான்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கறேன். அப்பப் பின்னாடி வரிசையில ஒருத்தர் எந்திரிச்சாரு. வெள்ளைச் சட்டை, ஏறக்குறைய உங்க வயசு. எந்தக் கல்லூரின்னு தெரியலை, வருகைப் பதிவுல கையெழுத்தும் போடலை. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு. "தகவலாளர் ஏழுன்னு ஒரு அம்மா வர்றாங்களே, அவங்க நெஜமாவே இருக்கறாங்களா, இல்லை நீங்களாக் கட்டி எழுதினதா?"

அந்த மாதிரிக் கேள்வி ஒரு ஆராய்ச்சிக்காரனைக் கொல்ற கேள்விங்க தம்பி. தரவு பொய்யின்னு ஆயிருச்சுன்னா பட்டமே போச்சு. பொன்மலர் அந்த ஆளையே பாத்துட்டு நின்னுச்சு. அப்புறம் மைக்கைக் கிட்ட இழுத்துச் சொல்லுது.

"அப்படி ஒருத்தர் இல்லைங்க. நானாக் கற்பனையா எழுதினது."

அஞ்சு வருச உழைப்பு. இந்தப் புள்ளை என்ன பைத்தியமா? பாலக்காட்டுக்காரர் பேனாவை மூடிக் கீழ வெச்சுட்டாரு. நெறியாளர் தலையில கை வெச்சுட்டு உக்காந்துட்டாரு. நான் கையெழுத்துப் போட்ட ஆய்வேடு, எம் மையத்துல வாசிச்சு வாசிச்சுத் திருத்தின இயலு, அதைப் போயிப் பொய்யின்னு சபையில சொல்லுது. நான் சும்மா இருக்க முடியுமுங்களா? நீங்களா இருந்தா இருப்பீங்களா?

எந்திரிச்சுட்டேன். "பயத்துல உளறுது, மன்னிச்சுருங்க. அந்தம்மா இருக்கறாங்க. நான் என் கண்ணால பாத்தேன். அவங்க கையால டீ வாங்கிக் குடிச்சேன்"னு சொன்னேன். எந்த ரயில்வே கேட்டு, எந்தப் பக்கம்னு வரைக்கும் சொன்னேன். சபையே கை தட்டுச்சுங்க. பாலக்காட்டுக்காரர் பேனாவைத் திறந்தாரு. பட்டம் கெடச்சுது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வெளில போனாரு. பண்பான மனுசன்.

பொன்மலர் அதுக்குள்ள மேடையை விட்டு எறங்கி வெளில ஓடிருச்சு. பட்டம் அறிவிக்கறப்ப ஆளே இல்லை. தேர்வாளருங்களுக்குச் சால்வை போடறதுக்கும் ஆளில்லை, நெறியாளர்தான் போட்டாரு. அப்புறமா வராண்டாவுல நான் வாழ்த்துச் சொல்லக் கிட்டப் போனா, "உங்களை நம்பிக் கூட்டிட்டுப் போனேன் ஐயா"ன்னு ஒரே வார்த்தை. அவ்வளவுதான். அதோட எங்கிட்டப் பேசறதில்லை. நூலகத்துக்குக் குடுத்த இந்தப் பிரதியில நன்றியுரையைப் பாருங்க. வாட்ச்மேனுக்கு நன்றி, விடுதிச் சமையல்காரம்மாவுக்கு நன்றி. எம் பேரு இல்லை. பட்டத்தைக் காப்பாத்திக் குடுத்தவன் பேரு இல்லை.

அந்த வாரமே டீக்கடை எரிஞ்சு போச்சுங்க. சிலிண்டர் வெடிச்சுதுன்னு பேப்பர்ல ஒரு மூலையில போட்டிருந்தான். நல்லவேளை, பொன்மலர் முன்னாடி நாளே அந்தம்மாவை எங்கயோ கூட்டிட்டுப் போயிருச்சு. அந்த ரயில்வே கேட்டுல காத்து ஒரு பக்கமா அடிக்கும், அங்க அடுப்பு வெக்கறதே ஆபத்துதான். அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனா பொன்மலரோட சிநேகிதி ஒருத்தி, இங்க படிக்கறவ, எம் மூஞ்சியப் பாத்தாக் காறித் துப்பாத குறையாப் போறா.

தோள்ல பஞ்சு ஒட்டியிருக்குதுங்க தம்பி. இருங்க, தட்டி விடறேன். இந்த ரோட்டுல வந்தா அப்படித்தான், ரெண்டு பக்கமும் மில்லு, காத்துல பறந்துட்டே இருக்கும்.

அந்தம்மாவை நேர்ல பாத்துட்டுத்தான் புத்தகம் போடுவோம்னு சொல்றீங்களா? சரியான முறைங்க. நான் பசங்களுக்குச் சொல்றதும் அதேதான். அட்டைக்குப் படம் எடுக்கறதுன்னாலும் அந்தக் கையைத்தான் எடுக்கோணும். எங்க இருக்குதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு மத்தவங்க சொல்லியிருப்பாங்க. நெறியாளருக்கே தெரியாது. செவ்வந்தியோட அப்பாவுக்குக் கூடத் தெரியாதுன்னு கேள்வி. அடுத்த மாசம் வாய்தா, அன்னைக்கு நேராக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வர்றதாத் திட்டமாம். ஆனா எனக்குத் தெரியுமுங்க.

போன ஞாயித்துக்கெழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றப்ப, ஊத்துப்பாளையம் பிரிவுன்னு ஒரு எடம், மலையடிவாரத்துல, பஸ் கொஞ்ச நேரம் நின்னுச்சு. ரோட்டோரமா ஒரு இட்லிக்கடை. ஒரு பொம்பளை துணியைப் புழிஞ்சு இட்லித் தட்டுல போடறா. கையைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல பொன்மலர் தட்டுக் கழுவிட்டிருக்குது. டாக்டர் பட்டம் வாங்கின புள்ளை! நான் சந்தோசத்துல எறங்கிக் கையை ஆட்டிக் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. உள்ள போயி சட்டரை எறக்கிட்டாங்க. கட்டையில போற வயசுல இருக்கறவன், ஒரு வாய்த் தண்ணி குடுக்கறதில்லையா? பஸ்ஸை விட்டுட்டேன். கடையைச் சுத்திப் பின்னாடி போயிப் பாத்தேன். வாய்க்கா ஓரமா ஒரு சின்னக் கதவு இருக்குது. அதையும் தாப்பாப் போட்டுட்டாங்க. தட்டினேன், திறக்கலை.

எதுத்தாப்புல இருக்கற சைக்கிள் கடைக்காரன்தான் சொன்னான். பொன்மலர் பக்கத்து டவுன் காலேஜ்ல கௌரவ விரிவுரையாளரா வேலைக்குப் போகுதாம். வியாழனும் வெள்ளியும் பொழுது போயி ஏழு மணிக்குத்தான் திரும்புமாம். மத்த நாளெல்லாம் அந்தம்மா பக்கத்தை விட்டு நகராதாம்.

இன்னைக்கு வியாழனுங்களே. அப்ப நல்லதாப் போச்சு, அந்தம்மா தனியாத்தான் இருக்கும். பொன்மலர் இருந்தாப் பேசவே உடாது. பேருங்களா? பேரை மட்டும் ஆய்வேட்டுல எங்கயும் போடலை, அதுல அந்தப் புள்ளை கடைசி வரைக்கும் புடிவாதமா இருந்துச்சு. பேச்சியம்மாள்.

இப்பவே போகோணுமா? நீங்க மட்டும் போனாக் கதவைத் திறக்காதுங்க. புது ஆளுன்னா மெரளும். நான் வர்றேன். இருங்க, சன்னலைச் சாத்திட்டு வந்துர்றேன். முன்னுரையில என்னைப் பத்தி ரெண்டு வரி போடறேன்னீங்களே, அதைப் போற வழியில பேசிக்கலாம். ஆய்வேட்டை நீங்களே வெச்சுக்கோங்க. இந்தப் பிரதி ஒண்ணுதான் இங்க இருக்குது, நூலகத்துல கேட்டா நான் சொல்லிக்கறேன்.

அட, வண்டியில ஏற்கனவே ரெண்டு பேரு இருக்கறாங்களே. இவங்களும் பதிப்பகந்தானுங்களா? வணக்கமுங்க. பரவாயில்லை, நான் நடுவுல உக்காந்துக்கறேன், ஒல்லி ஆளுதான். போனுங்களா? எதுக்கு? சரி, நீங்களே வெச்சுக்கோங்க, எனக்கு யாரு பேசப்போறாங்க.

பாலம் ஏறி எறங்கி இடதுபக்கம் போகச் சொல்லுங்க தம்பி. பிரிவுக்கு முன்னாடி ஒரு புளியமரம் வரும், வண்டியை அங்கயே நிறுத்திருங்க, சத்தம் கேட்டாச் சட்டரை எறக்கிரும். வாய்க்கா வழியாப் பின்கதவுக்குப் போயிரலாம். எம் பேரைச் சொன்னாத் திறக்காதுங்க, கோவத்துல இருக்குது. பொன்மலருக்கு உடம்பு சரியில்லை, அந்தப் புள்ளைதான் அனுப்பிச்சுதுன்னு நான் சொல்றேன். அதைக் கேட்டா உடனே திறந்துரும்.